நீல ரூபாயும் புளி தேய்த்த துட்டும்

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். சட்டை, செருப்பு, பழைய மிக்ஸி ஜார், பிரெஞ்சுப் புத்தகம் என்று எல்லாம் கிடைக்கும் அந்த நெரிசலில் பழைய காசை விரித்து வைத்து உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரிடம்தான் என் ஆயா கொடுத்த செப்புக் காசைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆயாவின் வெற்றிலைப் பெட்டியில் பல வருடம் கிடந்த காசு அது. ஒரு பக்கம் லில்லிப் பூ. இன்னொரு பக்கம் தமிழில் "புதுச்சேரி". கருப்பேறி எழுத்து சரியாகத் தெரியாமல் இருந்ததால், முந்தின நாள் ராத்திரி புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி எடுத்துப் போயிருந்தேன். பெருமை வேறு.

அவர் காசைக் கையில் வாங்கவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "என்னா தம்பி, குளிப்பாட்டிட்டியா?" என்றார்.

அப்புறம் பக்கத்தில் வைத்திருந்த ஒரு வெள்ளி ரூபாயை எடுத்துக் காட்டினார். ஓரம் தங்க மஞ்சள், உள்ளே வரவர ஊதா, நடுவில் மயில் கழுத்து நீலம். "இது மாதிரி நிறம் இருந்தா வெலையே வேற. இல்லாட்டியும் பரவால்ல, ஏத்திக்கலாம்" என்று சிரித்தார்.

"ஏத்திக்கலாம்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரை. காசுக்கு நிறம் ஏற்றுவது என்றால் என்ன, எப்போதிருந்து நடக்கிறது, அதில் என்ன தப்பு என்று இரண்டு மாதமாகப் படித்ததையும், கொஞ்சம் கைவைத்துப் பார்த்ததையும் இங்கே சொல்கிறேன். நான் படிப்பது வணிகவியல். வேதியியலில் பிழை இருந்தால் அறிவியல் மாணவர்கள் திட்டாமல் திருத்தவும் :-)

முதலில் நம்ம ஊர்க் காசு

புதுச்சேரியில் 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் காலூன்றியதிலிருந்து பிரெஞ்சுக் கம்பெனியின் கதை தொடங்குகிறது. வியாபாரம் என்றால் சில்லறை வேண்டும். வெள்ளியில் "ஃபனோன்" அடித்தார்கள். செம்பில் "தூதூ", "காஷ்". பெயரைப் பாருங்கள். ஃபனோன் என்பது நம் பணம். காஷ் என்பது நம் காசு. தூதூ என்பது நம் துட்டு. ஆக, அடித்தது பிரெஞ்சுக்காரர் என்றாலும் பெயர் வைத்தது கடைத்தெருதான். லில்லிப் பூ பிரான்சு அரச குடும்பத்தின் சின்னம். அதன் மறுபக்கத்தில் தமிழில் ஊர்ப் பெயர். ஆங்கிலத்திலும் அதிகாரபூர்வமாக "புதுச்சேரி" என்று 2006-ல்தான் மாற்றினார்கள். இந்தச் செப்புத் துட்டு அதை 18ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டது.

சில்லறை கதை இது. பெரிய பணத்தின் கதை 1736-ல் வருகிறது. ஆளுநர் தியூமா, ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடம் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வெள்ளியைக் கொண்டுவந்து இங்கேயே ரூபாயாக அடித்து வங்காளம் வரை அனுப்பினால் லாபம். ஆனால் அந்த ரூபாயில் பிரான்சு மன்னர் பெயர் இல்லை! பாரசீக எழுத்தில் முகலாயப் பேரரசர் முகமது ஷாவின் பெயர்தான். புதுச்சேரியில் அடித்தது என்பதற்கு அடையாளம் ஒரு சின்னப் பிறை. மக்கள் நம்பும் முகம் எதுவோ அதைத்தானே காசில் போட வேண்டும்? ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியதும் இதே 1736-ல்தான். ஒரு காசின் மதிப்பு அதன் உலோகத்தில் பாதி, பார்ப்பவரின் நம்பிக்கையில் பாதி என்பதை இந்த ஆர்க்காடு ரூபாயை விட நன்றாகச் சொல்லும் பொருள் வேறு இல்லை.

பழசாக இருந்தால் நட்டம்

இப்போது ஒரு வேடிக்கை. இன்று பழைய நிறம் இருந்தால் விலை கூடுகிறது. அன்று நேர் எதிர். பழைய ரூபாய் என்றால் தேய்ந்த ரூபாய். தேய்ந்த ரூபாய் என்றால் வெள்ளி குறைந்த ரூபாய். சராப்பு காசை எடைபோட்டு, உரசிப் பார்த்து, "வட்டம்" பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்.

வங்காளத்தில் இது இன்னும் கறாராக இருந்தது. அந்த வருடம் அடித்த சிக்கா ரூபாய்க்கு முழு மதிப்பு. அடுத்தடுத்த வருடங்களில் வட்டம் ஏறிக்கொண்டே போகும். காசில் ஆட்சியாண்டு போட்டிருப்பதால் வயதை மறைக்க முடியாது. இந்தத் தொல்லையை ஒழிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? முர்ஷிதாபாத் ரூபாயில் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டை அப்படியே உறைய வைத்துவிட்டது. எந்த வருடம் அடித்தாலும் "19". காசுக்கு வயதே ஆகாது! வயதைக் குறைத்துக் காட்டுவதை ஒரு அரசாங்கமே செய்தது. நாம் இன்று காசுக்கு வயதைக் கூட்டிக் காட்டுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

காசைப் பார்த்துச் சொல்லும் தொழில் நமக்குப் புதிதல்ல. அர்த்தசாஸ்திரத்தில் "ரூபதர்சகன்" என்று ஒரு அதிகாரி வருகிறார், காசைச் சோதிப்பவர். சங்கப் புலவர்கள் பெயரில் "வண்ணக்கன்" என்று பார்த்திருப்பீர்கள். வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார்... வண்ணக்கன் என்றால் நாணயப் பரிசோதகர் என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். பகலில் காசைத் தட்டிப் பார்த்துவிட்டு ராத்திரி பாட்டு எழுதியிருக்கிறார்கள்!

மேற்பூச்சு: அரசர்களே செய்த வேலை

காசின் மேல்தோலை மாற்றுவதில் முதல் குற்றவாளிகள் சில்லறைத் திருடர்கள் அல்ல. அரசாங்கங்கள். ரோமப் பேரரசின் வெள்ளிக் காசில் கி.பி. 260-களின் இறுதியில் வெள்ளி நூற்றுக்கு ஐந்தைக்கூடத் தொடவில்லை. உள்ளே செம்பு, மேலே மெல்லிய வெள்ளித் தோல். புதிதாகக் கைக்கு வரும்போது மினுமினுக்கும், நாலு கை மாறினால் உள்ளிருப்பது தெரிந்துவிடும். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1544-க்குப் பின் இதையே செய்தார். காசில் அவர் முகம் நேராகப் பார்ப்பது போல இருக்கும், மூக்குதான் மேடு. அங்கேதான் வெள்ளி முதலில் தேயும். ஜனங்கள் அவருக்கு வைத்த பட்டப் பெயர் "செம்பு மூக்கர்". அரசரையே காசு காட்டிக் கொடுத்துவிட்டது.

நம் பக்கத்தில் இதற்கு எதிர்மாதிரியான ஒரு காட்சி உண்டு. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டு. யார் வெட்டினார்கள், எதற்கு என்று ஆய்வாளர்கள் பல விளக்கம் தருகிறார்கள். எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அந்த வெட்டு தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. "ஆமாம், என்மேல் கை வைத்தார்கள்" என்று இரண்டாயிரம் வருடம் கழித்தும் சொல்கிறது.

பழசுக்கு மவுசு வந்த காலம்

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலத்தில் பணக்காரர்கள் பழைய ரோமக் காசுகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். தேவை வந்தால் சரக்கும் வரும், இது பொருளாதாரத்தின் முதல் பாடம். இத்தாலியில் பாதுவா நகரத்து ஜொவான்னி தா கவினோ (1500-1570) ரோமக் காசுகள் போலவே அழகாக அடித்தார். அவற்றுக்கு இன்றும் "பாதுவன்கள்" என்றே பெயர்.

ஆனால் இந்தக் கலையின் சக்கரவர்த்தி ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772-1830). அச்சு வெட்டுவதில் கெட்டிக்காரர். பிரச்சினை என்ன? புதிதாக அடித்த காசு புதிதாகத்தானே இருக்கும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஒரு பெட்டியில் இரும்புத் தூளோடு காசுகளைப் போட்டு, தன் குதிரை வண்டியின் அடியில் கட்டிவிட்டு ஊர் சுற்றப் போவாராம். குலுங்கிக் குலுங்கி விளிம்பு மழுங்கும், கருமை ஏறும். "என் கிழவர்களை உலாவ அழைத்துப் போகிறேன்" என்பது அவருடைய கிண்டலாகச் சொல்லப்படுகிறது. இரண்டாயிரம் வருடத்தை ஒரு சாயங்கால சவாரியில் முடித்துவிட்டார் மனிதர்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1878 முதல் அடித்த மார்கன் வெள்ளி டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப் பைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. துணியில் இருந்த கந்தகம் பட்ட காசுகளுக்கு வானவில் நிறம் வந்தது. இது யாரும் திட்டமிடாத நிறம். முதலில் அதை அழுக்கு என்று கழுவினார்கள். பிறகு அழகு என்று கூடுதல் விலை கொடுத்தார்கள். உடனே சமையலறைகளில் வானவில் தயாராக ஆரம்பித்தது! 1986, 1987-ல் தொழிலைத் தொடங்கிய இரண்டு பெரிய தரச்சான்று நிறுவனங்கள் நிறத்தில் சந்தேகம் இருந்தால் முழுத் தரம் கொடுக்க மறுத்தன. நம்ம வண்ணக்கன் வேலைதான், பிளாஸ்டிக் உறையோடு.

முட்டை ஆராய்ச்சி

வெள்ளி கருக்கக் காரணம் காற்றில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு. வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற தோல் உண்டாகிறது. அந்தத் தோல் மிக மெலிதாக இருக்கும்போது அதன் மேல்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பி அனுப்பும் ஒளி ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களை அழித்துச் சிலவற்றைக் கூட்டும். மழை நாளில் ரோட்டில் சிந்திய டீசல் வானவில் காட்டுகிறதே, அதே விஷயம். சாயம் எதுவும் கிடையாது. தோல் தடிக்கத் தடிக்க மஞ்சள், அப்புறம் செவ்வூதா, அப்புறம் நீலம் என்று போகும். இன்னும் தடித்தால் கருப்பு.

நான் எடுத்துக்கொண்டது தேய்ந்துபோன இரண்டு ரூபாய். ஒன்று 1918, ஐந்தாம் ஜார்ஜ் போட்டது, நூற்றுக்கு 91.67 வெள்ளி. இன்னொன்று 1944, ஆறாம் ஜார்ஜ். போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்த ரூபாய். முட்டையை வேகவைத்துச் சூட்டோடு நறுக்கி, மூடி உள்ள டப்பாவில் போட்டு, காசு முட்டையைத் தொடாதபடி சின்னக் கிண்ணத்தின்மேல் வைத்தேன். இருபது நிமிடத்தில் 1918-ல் இளம் மஞ்சள். ஒரு மணி நேரத்தில் ஓரமெல்லாம் ஊதா. இன்னும் கொஞ்சம் விட்டதும் நீலம். எடுத்துவிட்டேன். 1944 காசு செம்பு அதிகம் என்பதால் அழுக்குப் பழுப்பாகப் போய்விட்டது. அம்மாவுக்குத் தெரிந்தது முட்டை இரண்டு குறைந்தது மட்டும்.

(நகை வேலைக்காரர்கள் வெள்ளியைக் கருக்க வைக்கப் பொட்டாசியம் சல்பைடு பயன்படுத்துவது உண்டு. அதை வீட்டில் முயலாதீர்கள். அமிலம் பட்டால் வரும் வாயு விஷம்.)

நீல ரூபாய் உண்மையிலேயே அழகு. பொய் சொல்ல மாட்டேன். மேசை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நாள் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். காசு சேர்க்கும் நண்பன் ஒருவன் பார்த்தான். "மச்சி, இதுக்கு 1500 தரேன்டா" என்றான். நான் அதை வாங்கியது அதில் பாதிக்கும் குறைவு. நான் ஒன்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். யோசிக்க என்ன இருக்கிறது? அந்த மௌனமே பாதிப் பொய்.

சட்டமும் சந்தையும்

ராத்திரி தூக்கம் வராததால் சட்டம் படித்தேன் :-) 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஒரு காசை வேறு வகைக் காசாகச் செல்ல வைக்கும் நோக்கத்தோடு அதன் தோற்றத்தை மாற்றுவது குற்றம் என்று தனிப் பிரிவே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 2011-ன் நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடுக்கிறது. ஆனால் என் நீல ரூபாய் ரூபாயாகத்தான் இருக்கிறது. வேறு காசாக அதை நான் செலுத்தவில்லை. நிறத்துக்கு மட்டும் ஒரு பொய்க் கதை. விற்கும்போது அந்தக் கதையைச் சொன்னால் அது சாதாரண ஏமாற்று. சொல்லாமல் இருந்தால்?

இங்கேதான் எங்கள் பாடம் உதவியது. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. வாங்குபவன் ஏமாந்து ஏமாந்து, நல்ல காருக்கும் ஓட்டைக் கார் விலைதான் தருவான். நல்ல கார் வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். காசிலும் இதுதான். நூறு முட்டை ரூபாய் புழங்கினால், ஐம்பது வருடம் பீரோவில் கிடந்து தானாக நிறம் ஏறிய ரூபாயையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஏமாறுவது என் நண்பன் ஒருவன் மட்டும் அல்ல. தன் தாத்தா காசை நேர்மையாக விற்க வரும் யாரோ ஒருவரும்தான்.

மறுநாள் சொல்லிவிட்டேன். முட்டை, டப்பா, எல்லாம். அவன் முகம் சுருங்கியது. காசு வேண்டாம் என்றான். "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை.

துட்டு

நீல ரூபாயையாவது திருப்ப முடியும். அலுமினியத் தாள் விரித்த கிண்ணத்தில் சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிக் காசை அதன்மேல் வைத்தால் சல்பைடு மறுபடி வெள்ளியாகும். ஆயாவின் துட்டுக்கு அந்த வழி இல்லை. செம்பின் பழைய தோல் வெறும் அழுக்கு அல்ல. செம்மண் நிற ஆக்சைடு ஒரு அடுக்கு, அதன்மேல் கருப்பு, சில காசில் பச்சை. மெதுவாக வளர்ந்த அந்தத் தோல்தான் உள்ளே உள்ள உலோகத்தைக் காப்பாற்றுகிறது. மண்ணில் கிடந்ததா, பெட்டியில் கிடந்ததா என்று ஆய்வாளருக்குச் சொல்வதும் அதுதான். தூதூவில் வருடம் கூட அடிக்கவில்லை. தன் வயதைச் சொல்ல அதற்கு இருந்த சாட்சிகளில் ஒன்றைப் புளி கரைத்துக் குடித்துவிட்டது. போதாததற்கு நான் உப்பு வேறு போட்டேன். உப்பிலுள்ள குளோரைடு செம்பில் தங்கிவிட்டால் ஈரக்காற்றில் பச்சைப் பொடியாக அரித்துக்கொண்டே போகும். கடற்கரை ஊரில் ஈரக்காற்றுக்கா பஞ்சம்?

சந்தையில் பார்த்தவரிடமே யோசனை கேட்கலாம் என்று மறுபடி போனேன். "குடு தம்பி, கருப்பு ஏத்தித் தரேன், பழசு மாரியே இருக்கும்" என்றார். உள்ளபடியே ஆசையாகத்தான் இருந்தது. ஆயாவுக்குக் கூடத் தெரியாமல் போயிருக்கும். வேண்டாம் அண்ணே என்று வந்துவிட்டேன். பெக்கரின் வண்டியில் ஆயாவின் காசை ஏற்ற மனம் வரவில்லை.

ஆயாவிடம் சொன்னேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "பளிச்சுனு நல்லாத்தானடா இருக்கு" என்றார். பித்தளைக் குடத்தை வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்தவருக்கு அது எப்படித் தப்பாகத் தெரியும்? அதுவும் நியாயம்தான். புழங்கும் பொருளுக்குப் பளபளப்பு அழகு. சாட்சி சொல்லும் பொருளுக்கு அதன் கறைதான் வாக்குமூலம். எது எப்போது எதுவாக மாறுகிறது என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை.

தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் "நாணயம்" என்று ஒரே சொல்தான். இதை எத்தனையோ மேடைப் பேச்சில் கேட்டுச் சலித்திருக்கிறேன். முட்டை டப்பாவைத் திறந்த பிறகுதான் அது உறைத்தது.

இப்போது துட்டு நன்றாகக் கழுவிக் காயவைக்கப்பட்டு ஒரு காகித உறையில் இருக்கிறது. ரோஜா நிறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாகி வருகிறது. உறைமேல் எழுதியிருக்கிறேன்: "ஆயா கொடுத்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தது நான்." நீல ரூபாயைத் திருப்பவில்லை. அதன் உறையில்: "முட்டை நிறம். விற்பனைக்கு அல்ல."

பி.கு.: வீட்டில் பழைய காசு இருந்தால் தேய்க்காதீர்கள், விபூதி போட்டுக்கூட. ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைக்காதீர்கள், பி.வி.சி. நாளடைவில் பச்சைப் பசையைக் கக்கும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். யாராவது வானவில் ரூபாய் காட்டினால் மேட்டையும் பள்ளத்தையும் பாருங்கள். தேய்ந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே மாதிரி பளீர் நிறம் இருந்தால், முட்டை விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள் :-)